கஸபுக்குப் போய்வந்த கார்ச் சாவி

எனக்கு டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறது. நாலாவது முயற்சியில் வாங்கினேன். அதில் என் போட்டோ பிடிபட்ட திருடி மாதிரி இருக்கும், இருந்தாலும் அசல் லைசென்ஸ். வாசலில் கார் நிற்கிறது. காருக்கு முன்னால் ரோடு இருக்கிறது. சாவி மட்டும் என் வீட்டுக்காரரின் சட்டைப் பாக்கெட்டில் இருக்கிறது. வடக்கே போய்வந்த கதையை அந்தப் பாக்கெட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாங்கள் இருப்பது ருவைஸில். அபுதாபியின் மேற்குக் கோடியில், கடலோரமாகச் சுத்திகரிப்பு ஆலைகளும் அவற்றை நம்பிய குடியிருப்புகளுமாக ஓர் ஊர். இவருக்கு ஆலையில் சேஃப்டி ஆபீசர் வேலை. சைட்டில் எல்லோருக்கும் இவர் இந்தியில் ‘சேஃப்டி பாய்’, சேஃப்டி அண்ணன். ஹெல்மெட் வாரை மாட்டாதவனை ஒரு பர்லாங்குக்கு அப்பாலிருந்தே பிடித்துவிடுவார். டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் லீவு எடுக்காது. நான் ஸ்டூலில் ஏறி டப்பா எடுத்தால் ஓடிவந்து ஸ்டூலைப் பிடிப்பார். பிடித்துக்கொண்டே, "என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?" என்பார். கல்யாணமான நாளிலிருந்து நான் எங்கும் விழாமல் இருப்பதற்குத் தான்தான் காரணம் என்று நம்புகிறார். இருக்கலாம்.

பெண் திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபிறகு வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை வாஷிங் மெஷின்தான். நான் பி.எட். படித்தவள். கயாத்தி என்ற ஊரின் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்கு விண்ணப்பித்து, நேரில் போய்ப் பேசி, வேலையும் கிடைத்துவிட்டது. இன்டர்வியூவுக்கு இவரேதான் லீவு போட்டுக் கூட்டிப்போனார். ஆனால் தினமும் போய்வரப் பஸ் கிடையாது. நானே ஓட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. வழியெல்லாம் டிரெய்லர் லாரிகள் ஓடும் பாலைவன ரோடு. இவருடைய டிசம்பர் லீவு முடிந்து வரும் திங்கட்கிழமை நான் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"பார்க்கலாம்" என்றார் இவர். இவர் பார்க்கலாம் என்று சொன்ன எதையும் இதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

இவரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. அந்த ரோட்டில்தான் இவரோடு வேலை பார்த்த ஒருவர் விபத்தில் இறந்தார். பனி மூடிய ஒரு காலை. தகவல் கிடைத்து முதலில் போய் நின்றவர் இவர். அன்று வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தார். அதற்குப்பின் அந்த ரோட்டின் பேச்சு வந்தாலே இவர் குரல் மாறிவிடும். எனக்கு அது தெரியும். ஆனால் எனக்கு அந்த வேலையும் வேண்டும்.

விடுமுறைக்குக் கஸப் போவதென்று முன்பே முடிவாகியிருந்தது. ஒமானுக்குச் சொந்தமாக இருந்தும் ஒமானோடு ஒட்டாமல், அமீரகத்துக்கு வடக்கே தனியாக ஒரு மலைப்பகுதி இருக்கிறது. முஸந்தம் என்று பெயர். அதன் பெரிய ஊர் கஸப். அங்கே கடல் மலைகளுக்கு நடுவில் புகுந்து ஆறு மாதிரி வளைந்து வளைந்து போகும், அதில் படகில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து நான் நச்சரித்துக்கொண்டிருந்தேன். பட்டுக்கோட்டையில் புதாற்றங்கரையில் வளர்ந்தவள் நான். ஆறே இல்லாத இந்தப் பக்கத்தில், ஆறு மாதிரி ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. இப்போது நச்சரிப்போடு ஒரு நிபந்தனையும் சேர்ந்துகொண்டது.

"போற வழியில கொஞ்ச தூரம் நான் ஓட்டுறேன். பக்கத்துல உக்காந்து பாருங்க. பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க, நான் கயாத்திக்குப் போகலாமா வேணாமான்னு."

"பார்க்கலாம்" என்றார்.

முதல் நாள் காலையில், கார்க் கதவைத் திறப்பதற்கு முன் டூல்பாக்ஸ் டாக் நடந்தது. சைட்டில் வேலை ஆரம்பிக்குமுன் ஆட்களை நிற்கவைத்து, இன்று என்ன வேலை, அதில் என்ன ஆபத்து என்று சொல்லும் சின்னக் கூட்டம் அது. இங்கே ஆட்கள் என்றால் நான் ஒருத்திதான். முதலுதவிப் பெட்டி எங்கே, தீயணைப்பான் எங்கே, எந்தெந்த இடத்தில் நிறுத்துவோம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் கையை உயர்த்திக் காட்டினார்.

"யாருக்குப் பயமா இருந்தாலும் இப்படிக் கையைத் தூக்கலாம். தூக்கினா வேலை நிக்கணும். ஏன் எதுக்குன்னு யாரும் கேக்கக் கூடாது."

ஆலையில் அது பெரிய விதி. கடைசி நிலையிலுள்ள ஹெல்பர் கையைத் தூக்கினாலும் மேனேஜரின் வேலை நின்றாக வேண்டும்.

"அடுப்படியில நான் கையைத் தூக்கினா சமையல் நிக்குமா?" என்று கேட்டேன்.

"அது எசன்ஷியல் சர்வீஸ். அதெல்லாம் நிக்காது."

கட்டிக்கொண்டு போன புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் அபுதாபி தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டன. பிறகு ஒரு கஃபட்டேரியா வாசலில் டீக்கு நிறுத்தினோம். இந்த நாட்டில் டீக்கடைக்குள் யாரும் இறங்கிப் போவதில்லை. வாசலில் நின்று ஹாரன் அடித்தால் டீ கார் ஜன்னலுக்கு வரும். ஆனால் எண்ணெய்க் கம்பெனிகளில் காரைப் பின்பக்கமாக உள்ளே விட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று ஒரு சட்டம் உண்டு. ஆபத்து வந்தால் திருப்பிக்கொண்டிருக்காமல் நேரே கிளம்பலாமாம். இவர் அந்தச் சட்டத்தை டீக்கடைக்கும் கொண்டுவந்துவிட்டார். எல்லாக் கார்களும் கடையைப் பார்த்து நிற்க, எங்கள் கார் மட்டும் கடைக்கு முதுகைக் காட்டி நின்றது. டீக்காரர் காரைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, நேராக நிறுத்தினால் என்ன சேட்டா என்று மலையாளத்தில் முனகிவிட்டுப் போனார்.

நான் ஓட்டுகிறேன் என்று வழியில் மூன்று முறை கேட்டேன். அபுதாபி வரை லாரி ஜாஸ்தி. துபாயில் கூட்டம் ஜாஸ்தி. துபாய் தாண்டி ரோடு காலியாகக் கிடந்தபோது, வெயில் கண்ணில் அடிக்கிறது என்றார். வெயில் இவர் கண்ணிலும்தானே அடித்தது? ராஸ் அல் கைமாவில் ராத்தங்கல். பொரோட்டாவும் மீன் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திருச்சியிலிருந்து பெண் வீடியோவில் வந்தாள்.

"அம்மா, டிட் யூ டிரைவ்?"

"இல்லடி."

"அப்பா! திஸ் இஸ் நாட் ஃபேர்!"

இவர் பொரோட்டாவை ரொம்பக் கவனமாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் எல்லைச் சாவடியில் நல்ல கூட்டம். முன்னால் இருந்தவர்கள் ஒமானுக்கான இன்ஷூரன்ஸ் பேப்பரைத் தேடி டிக்கி வரை கவிழ்த்துக்கொண்டிருக்க, எங்களுடையது இரண்டு பிரதிகளாகப் பிளாஸ்டிக் உறையில் தயாராக இருந்தது. இந்த மாதிரி நேரங்களில் எனக்கு இவரை ரொம்பப் பிடிக்கும். ஒமான் பக்கத்து அதிகாரி சிரித்த முகம். ருவைஸிலிருந்து இவ்வளவு தூரம் எதற்கு வந்தீர்கள் என்று இந்தியில் கேட்டார். ஆறு பார்க்க என்றேன். இங்கே ஆறு ஏது அம்மா, கடல்தான் வழி தவறி மலைக்குள் வந்துவிட்டது, போய்ப் பாருங்கள் என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

அதற்கப்புறம் வந்த ரோட்டை நான் மறக்க மாட்டேன். இடது பக்கம் கடல், வலது பக்கம் மலை, நடுவே ரோடு. மலையில் ஒரு புல் பூண்டு கிடையாது. வெறும் பாறை, மடிப்பு மடிப்பாக. நம் ஊரில் மலை என்றால் ஒரு கோயிலாவது, நாலு குரங்காவது இருக்கும். இங்கே ஆடுகள்தான். ஒரு வளைவில் ரோட்டின் நடுவில் நின்று எங்களை முறைத்தது ஓர் ஆடு. இவர் ஹாரன் அடிக்கவில்லை. அது தானாக மனம் மாறிப் போகும் வரை காத்திருந்தார்.

புகா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை. இறங்கிக் காலை நனைக்கலாம் என்றேன். சரி என்று சொன்ன இவர், கெட்டி மண்ணில் முன்பக்கமாக நிறுத்த எவ்வளவோ இடம் இருந்தும், வண்டியைத் திருப்பி, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, பின்பக்கமாகக் கடலை நோக்கி விட்டார். பின் சக்கரங்கள் இரண்டும் பொசுக்கென்று மணலில் இறங்கின. ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். இன்னும் இறங்கின. பாதி சக்கரம் புதைந்தபிறகு காரை விட்டு இறங்கிச் சுற்றிவந்து பார்த்தார். முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

"சுனாமி வந்தா நேரா கிளம்பிடலாம்" என்றேன்.

சற்றுத் தள்ளி வலை சரிசெய்துகொண்டிருந்த மூன்று மீனவர்கள் எழுந்து வந்தார்கள். வெள்ளைத் தாடிவைத்த பெரியவர் முதலில் டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். பிறகு கையாலேயே மணலை வாரி வழி பண்ணினார். எல்லாம் முடிந்ததும் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்: நீ பின்னால் வந்து தள்ளு, உன் மனைவி உட்கார்ந்து ஓட்டட்டும், அவள் எடை குறைவு.

வேறு வழியில்லாமல் சாவி என் கைக்கு வந்தது. ஜன்னலோரம் பெரியவர் நின்றுகொண்டு, ஷுவய்ய, ஷுவய்ய என்றார். மெதுவாக, மெதுவாக. நான் மெதுவாக மிதித்தேன். சக்கரம் ஒரு சுற்று வழுக்கி, அடுத்த சுற்றில் தரையைப் பிடித்தது. பின்னால் மூன்று பேர் தள்ள, நான் நிறுத்தாமல் தார் ரோடு வரை கொண்டுபோய் நிறுத்தினேன். மீனவர்கள் கை தட்டினார்கள். டயருக்குத் திரும்பக் காற்றடிக்கவும் அவர்களிடமே பம்ப் இருந்தது. ஒரு பை முறுக்கு கொடுத்தேன். பெரியவர் ஒன்றைக் கடித்துவிட்டு, கல் மாதிரி இருக்கிறது, ஆனால் நன்றாக இருக்கிறது என்றார்.

இவர் புருவமெல்லாம் மணலோடு வந்து, "நல்லா எடுத்த" என்றார். சொல்லிவிட்டு, சாவிக்காகக் கையை நீட்டினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடல் பத்தாது. சாவியைக் கொடுத்துவிட்டு, கஸப் வரும் வரை ஜன்னல் வழியே மலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ராத்திரி ஓட்டலில் முழு மீனைச் சுட்டுக்கொண்டுவந்து வைத்தார்கள். இவர் முள் எடுத்து எடுத்து என் தட்டில் வைத்தார்.

"முள் எடுத்துக் குடுத்தா சாவி குடுத்ததா ஆகிடுமா?"

இவர் கையை நிறுத்தினார். "எனக்கு அந்த ரோடு பயமா இருக்கு, வாசுகி."

"பயம் உங்களுக்கு. வேலை எனக்கு. உங்க பயத்துக்கு நான் எத்தனை வருஷம் வீட்டுல உக்காந்திருக்கிறது?"

இவர் மறுபடி முள் எடுக்க ஆரம்பித்தார். மீன் மட்டும் நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் படகுத்துறை. ருவைஸிலேயே மருந்துக்கடையில் வாங்கிவைத்த ஒரு மாத்திரைப் பெட்டியை இவர் வெளியே எடுத்தார். கடலில் குமட்டல் வராமலிருக்க, படகு கிளம்புமுன் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டுமாம். எனக்கு வேண்டாம் என்றேன். பெட்டி பாக்கெட்டுக்குள் திரும்பிப்போனது.

படகு பழைய காலத்துப் பாய்மரக் கப்பல் மாதிரி மரத்தில் செய்தது. பாய் கிடையாது, மோட்டார்தான். தளம் முழுக்கக் கம்பளம் விரித்து, திண்டு போட்டு, கல்யாண வீடு மாதிரி வைத்திருந்தார்கள். படகோட்டி ஒமானியர், அறுபது வயதிருக்கும். இவர் லைஃப் ஜாக்கெட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு அவரிடம் போய், ஆபத்து வந்தால் எல்லோரும் கூட வேண்டிய இடம் எது என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தேநீர்க் கெட்டிலைக் காட்டினார்.

எங்கள் திண்டுக்குப் பக்கத்தில் வயதான தமிழ்த் தம்பதி. தோஹாவில் நஜ்மா பகுதியில் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். ஷார்ஜாவில் இருக்கும் மகனைப் பார்க்க வந்து, அப்படியே இங்கேயும் வந்திருக்கிறார்கள். ஊர் அதிராம்பட்டினம். பட்டுக்கோட்டைக்கும் அதிராம்பட்டினத்துக்கும் கூப்பிடு தூரம். அரேபியாவின் உச்சியில் வந்தா பக்கத்து ஊர்க்காரர்களைச் சந்திக்க வேண்டும்? ஐந்தே நிமிஷத்தில் அவர்கள் எனக்குக் காக்காவும் லாத்தாவும், அதாவது அந்த ஊர் வழக்கில் அண்ணனும் அக்காவும், ஆகிவிட்டார்கள்.

இவர் மாத்திரைப் பெட்டியைக் காக்காவிடம் நீட்டினார்.

"அட போங்க தம்பி! அதிராம்பட்டினத்துக்காரனுக்குக் கடல்ல மாத்திரையா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க" என்று காக்கா கையைத் தள்ளிவிட்டார். "ஓட்டுறாரே, அவரை நாங்க நகுதாம்போம். எங்க பாட்டன் நகுதாவா இருந்தவரு. எனக்குத் துணி கிழிக்கத்தான் வருது."

கடலும் மாத்திரைக்கு வேலை வைக்கவில்லை. துறையைத் தாண்டி மலைகளுக்கு நடுவில் நுழைந்ததும் தண்ணீர் தட்டில் ஊற்றிவைத்த மாதிரி அசையாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. ஒரு திருப்பம், அதைத் தாண்டி இன்னொரு திருப்பம். கரையோரம் பத்துப் பன்னிரண்டு வீடுகள் மட்டும் உள்ள கிராமங்கள். ரோடு கிடையாது, குடிதண்ணீர்கூடப் படகில்தான் வருகிறதாம்.

"ஆறேதான்" என்றேன்.

"கடல்" என்றார் இவர்.

"வளைஞ்சு போகுது, ரெண்டு பக்கமும் கரை இருக்கு. அப்புறம் என்ன?"

"உப்புக் கரிக்கும்."

லாத்தா தலையிட்டார். "அந்தப் புள்ள ஆசைப்பட்டு ஆறுங்குது. ஆமான்னு சொன்னா உங்களுக்கு என்ன தம்பி கொறஞ்சு போவுது?"

நகுதா பயணிகளைக் கூப்பிட்டுச் சுக்கானைப் பிடிக்கவிட்டார். போட்டோ எடுத்துக்கொண்டு எல்லோரும் திண்டுக்குத் திரும்பிவிட்டார்கள். நான் போனேன். பெரிய மரச் சக்கரம். நகுதா என் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தூரத்தில் ஒரு பாறை முனையைக் காட்டி, அதைப் பார்த்துக்கொண்டே போ என்றார். சொல்லிவிட்டு, டீ போடக் கெட்டில் பக்கம் நடந்துவிட்டார்! முழுப் படகு, அத்தனை ஜனம், சுக்கானில் நான் தனியாக.

எதிரே இவர் எழுந்து நின்றார். வலது கை மேலே போனது. ஸ்டாப்.

படகில் வேறு யாருக்கும் அதன் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும். இவர் முகம் வெளுத்திருந்ததும் தெரிந்தது. விதிப்படி நான் நிறுத்த வேண்டும். ஆனால் படகுக்கு ஏது பிரேக்? பாறை முனையைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு நின்றேன். கண் மட்டும் அடிக்கடி இவர் முகத்துக்குப் போய்ப் போய் வந்தது. படகின் மூக்கு லேசாக ஆடியது.

நகுதா கெட்டிலை விட்டு அவசரமில்லாமல் திரும்பி வந்தார். சக்கரத்தைத் தொடவில்லை. இவரைப் பார்த்து இந்தியில் சொன்னார்: நீ அவள் கையையே பார்க்கிறாய், அவள் உன் முகத்தைப் பார்க்கிறாள், அப்புறம் முன்னால் பார்ப்பது யார்? போ, போய் முனையில் நின்று டால்பின் வருகிறதா பார்.

இவர் அப்படியே நின்றார். பிறகு கையை இறக்கினார். படகின் முனைக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். பின்னால் கட்டிய கைகளில் ஒன்று இன்னொன்றை இறுகப் பிடித்திருந்தது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

என் கண் பாறை முனைக்குத் திரும்பியது. படகு நேரானது. கொஞ்ச நேரத்தில் முனைக்கு முன்னால் தண்ணீர் கிழிந்தது. ஒரு டால்பின் துள்ளியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஓடும் படகோடு ஓட்டப்பந்தயம் வைப்பது அவற்றுக்கு விளையாட்டாம். ஜனமெல்லாம் முன்பக்கம் ஓடிக் கை தட்டி விசிலடித்தது. எனக்குத் தலைகளுக்கு இடையில் ஒரு வால்தான் தெரிந்தது. பரவாயில்லை. அவற்றைக் கூட்டிப்போகிற படகை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"மாஷா அல்லாஹ், அந்தப் புள்ள ஓட்டுறதைப் பாருங்களேன்!" என்று லாத்தா காக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

வெள்ளைக்காரன் காலத்தில் தந்திக் கம்பிக்காக ஆட்களைக் குடிவைத்திருந்த ஒரு குட்டித் தீவுப் பக்கம் நிறுத்திக் குளிக்கவிட்டார்கள். காக்கா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தொபீரென்று குதித்தார். கைலியில் காற்றுப் புகுந்து பலூன் மாதிரி உப்பிக்கொண்டது. லாத்தா தலையில் அடித்துக்கொண்டார். சாப்பாட்டுக்குச் சோறும் பொரித்த மீனும் எலுமிச்சம்பழமும். இவர் தன் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டார். என் தட்டில் முள் எடுத்தும் வைக்கவில்லை.

துறைக்குத் திரும்பி, காக்காவும் லாத்தாவும் ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வர வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் காருக்கு வந்தோம். இவர் சாவியை எடுத்தார். கதவைத் திறக்காமல் நின்றார். பாக்கெட்டிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்து, அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார்.

"இது போட்டா தூக்கம் வருமாம். வண்டி ஓட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"நீங்க போட்டீங்களா? எப்போ?"

"நீ லாத்தாகிட்ட ஊர்க்கதை பேசிக்கிட்டு இருந்தப்ப."

"தட்டு மாதிரிக் கெடந்த தண்ணிக்கா?"

"முன்னெச்சரிக்கை. இந்த மாதிரி மாத்திரை போட்டா எங்க பிளான்ட்ல சைக்கிள்கூட ஓட்ட விடமாட்டோம். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

சாவியை என் கையில் வைத்தார். உலகத்தில் இவர் ஒருத்தரால்தான், வராத அலைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, தன் சட்டத்தில் தானே மாட்டிக்கொள்ள முடியும். நான் வாய்விட்டுச் சிரித்தேன். இவர் பக்கத்து ஸீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டி, பெட்டியை டாஷ்போர்டுக்குள் போட்டு மூடிவிட்டு, கண்ணையும் மூடிக்கொண்டார்.

வரும்போது முறைத்த ஆடு இருந்த வளைவு, மலை கடலுக்குள் கால் நீட்டும் திருப்பங்கள், எல்லாவற்றிலும் ஷுவய்ய, ஷுவய்ய என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓட்டினேன். புகாவில் அந்தப் பெரியவர் வலையோடு உட்கார்ந்திருந்தார். ஹாரன் அடித்தேன். என்னை அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, கையைத் தூக்கினார். ஒமான் சாவடியில் அதே சிரித்த முகத்து அதிகாரி. ஸ்டீயரிங்கில் என்னையும் பக்கத்தில் தூங்கும் இவரையும் பார்த்துவிட்டு, ஆறு பார்த்தீர்களா என்றார். பார்த்தேன் என்றேன்.

ராஸ் அல் கைமாவில் ராத்திரி தங்கி, நாலாம் நாள் காலையில் சாவியை நீட்டினேன். இந்த மாத்திரைக்கு இருபத்துநாலு மணி நேரம் கணக்கு என்றார். சரி, அதுவும் ஒரு விதி போலிருக்கிறது என்று நானே எடுத்தேன். அபுதாபி வந்தபோது அந்த இருபத்துநாலு மணி நேரமும் தாண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். அந்த மருந்துக் கம்பெனியை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அபுதாபி தாண்டி மேற்கே போகப்போக லாரிகள் வந்துவிட்டன. கயாத்தி ரோட்டிலும் இவைதான் ஓடும். ஓரிடத்தில் முன்னால் ஒரு டிரெய்லர், வலது பக்கம் ஒரு டிரெய்லர். வலது பக்கத்துக்காரன் என் பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தான். ஹாரனை ஒரு தடவை அடித்து, வேகத்தைக் குறைத்து, அவனை முன்னால் போகவிட்டேன். அப்போது தற்செயலாகக் கீழே பார்த்தால், தூங்குகிற மனிதரின் வலது கால், அங்கே இல்லாத ஒரு பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. தூக்கத்திலும் டியூட்டி பார்க்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். கை மட்டும் மடியிலேயே இருந்தது. மேலே எழவே இல்லை.

ருவைஸில் வீட்டு வாசலில் பின்பக்கமாகக் காரை விட்டேன். கோணலாகப் போனது.

"இன்னும் கொஞ்சம் லெஃப்ட்டு" என்றார் இவர், கண்ணைத் திறக்காமலே.

இறங்கிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, எங்கோ பார்த்தபடி, "திங்கக்கிழமை அவங்களுக்குப் பதில் சொல்லணும்ல? வர்றேன்னு சொல்லிடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள். காலையில் லேசான பனி இருந்தது. முந்தின நாள் ராத்திரியே இவர் கார்க் கண்ணாடிகளைத் துடைத்து, டயருக்குக் காற்றடித்து வைத்திருந்தார். கிளம்பும்போது டூல்பாக்ஸ் டாக் கிடையாது. "போயிட்டு மெசேஜ் போடு" என்று மட்டும் சொல்லி, கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டார். நான் மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக, லாரிகளுக்கு மரியாதை கொடுத்து, கயாத்தி போய்ச் சேர்ந்தேன். நேரமாகிவிட்டதே என்ற பரபரப்பில் பார்க்கிங்கில் காரை நேராக நுழைத்து நிறுத்தினேன்.

வாட்ச்மேன் வந்து, பார்க்கிங் ஸ்டிக்கர் எழுத முல்கியா வேண்டும் என்றார். காரின் பதிவு அட்டையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். டாஷ்போர்டைத் திறந்து கையை விட்டேன். அட்டையோடு மாத்திரைப் பெட்டியும் இழுபட்டு மடியில் விழுந்தது. மூடி திறந்து உள்ளேயிருந்த பட்டை வெளியே சரிந்தது.

எல்லா மாத்திரையும் அதனதன் குழியில் இருந்தது. வெள்ளித்தாள் ஓரிடத்திலும் கிழியவில்லை.

வாட்ச்மேன் எழுதி முடித்து அட்டையைத் திருப்பிக் கொடுத்ததுகூட எனக்கு உடனே உறைக்கவில்லை. சைட்டில் ஒரு பொய் ரிப்போர்ட் எழுதாத மனிதர். கஸபிலிருந்து ருவைஸ் வரை, இரண்டு நாள், லாரி லாரியாகக் கடந்த அத்தனை தூரமும், முழுக்க விழித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்திருக்கிறார். என் முன்னால் கையைத் தூக்கிவிடக் கூடாதென்று மடியிலேயே பிடித்து வைத்திருந்திருக்கிறார்.

போனை எடுத்து, மாத்திரையைப் பற்றி நீளமாக எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் அழித்தேன். "வந்து சேர்ந்துட்டேன்" என்று மட்டும் அனுப்பினேன். பட்டையைப் பெட்டிக்குள் தள்ளி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஆலைக்குள் போன் கொண்டுபோக அனுமதி கிடையாது. கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இவர் டியூட்டி தொடங்கும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. மத்தியானம்தான் பார்ப்பார் என்று போனைப் பைக்குள் போடப்போனேன். அதற்குள் பதில் வந்துவிட்டது. அந்தப் பனியில், கேட்டுக்கு வெளியே, கையில் போனோடு நின்றிருக்கிறார்.

"ரிவர்ஸ்ல நிறுத்தினியா?"

முதல் மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் காரைத் திரும்ப ஸ்டார்ட் செய்து வெளியே எடுத்து, பின்பக்கமாக, கொஞ்சம் லெஃப்ட்டில் ஒடித்து, நேராக நிறுத்தினேன். பிறகு "நிறுத்திட்டேன், நீங்க உள்ள போங்க" என்று பதில் போட்டுவிட்டு வகுப்புக்கு ஓடினேன்.